பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன்: முன்கூட்டியே எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது

மூளைக்கு அடியில் ஹார்மோன்களைச் சுரக்கும் சின்னச் சுரப்பிதான் பிட்யூட்டரி. அதில் வரும் கட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் சக்சஸ் ஆகும், டாக்டர்?" பதிலாக "தொண்ணூறு" என்று ஒரே சொல் வந்தால், அந்தத் தொண்ணூறு எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். கட்டி முழுசாக வெளியே வருவதற்கா? எகிறிக் கிடக்கும் ஹார்மோன் அடங்குவதற்கா? மங்கிய பார்வை தெளிவதற்கா? மிச்சமிருக்கும் நல்ல சுரப்பி பிழைப்பதற்கா? சிக்கல் எதுவும் வராமல் வீடு திரும்புவதற்கா? ஐந்தும் ஐந்து தனிக் கணக்கு. கட்டி மொத்தமும் வந்துவிட்டது, ஆனால் ஆயுசுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை என்று ஆனவர்கள் உண்டு. கட்டியில் பாதியை உள்ளேயே விட்டும் பார்வை முழுசாகத் திரும்பி நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.

இந்த ஐந்தில் சிலவற்றை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஓரளவு நன்றாகவே முன்கூட்டிச் சொல்லிவிடும். சிலவற்றை ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்ல இன்றுவரை வழி பிறக்கவில்லை. கணிக்க முடிகிற இடத்தில் ஆபரேஷன் திட்டத்தை அதற்கேற்ப மாற்றலாம். கணிக்க முடியாத இடத்தில் யாரையும் விலக்காமல் எல்லாருக்கும் ஒரே கண்காணிப்பைப் போட வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் வார்டில் பல தொல்லைகள் வருகின்றன.

முதலில் இடத்தைப் பார்க்கலாம். பிட்யூட்டரியின் எடை அரை கிராம்தான். மூக்குக்குப் பின்னால், ஸ்பீனாய்டு சைனஸ் என்ற எலும்புக் காற்றறையின் கூரையில் உள்ள எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் சந்திப்பு. இரு பக்கமும் காவர்னஸ் சைனஸ் என்ற சிரை ரத்தத் தொட்டி. அதற்குள்ளேதான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் ஓடுகின்றன. கட்டி 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மைக்ரோ அடினோமா, 10 அல்லது அதற்கு மேல் மேக்ரோ, 40-ஐத் தொட்டால் ராட்சதக் கட்டி என்று வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அளவைவிடவும் அது எந்தப் பக்கம் படர்ந்திருக்கிறது என்பதே பலனை அதிகம் தீர்மானிக்கிறது. மேல் நோக்கி வளர்ந்த கட்டி பெரிதாக இருந்தாலும், மூக்கு வழியாகக் கீழிருந்து காலி செய்யச் செய்யத் தானே இறங்கி வரும். பக்கவாட்டில் கரோட்டிடைத் தாண்டிய கட்டி சிறியதாக இருந்தாலும் கைக்கு எட்டாது.

அதனால் எம்ஆர்ஐ படங்களில் ஒரே ஒரு படத்தை மட்டும் பார்க்க அனுமதி என்றால், முகத்துக்கு இணையாக வெட்டிய கொரோனல் படத்தைத்தான் கேட்க வேண்டும். அதில் கரோட்டிட் தமனி ஒவ்வொரு பக்கமும் இரண்டு கருப்பு வட்டங்களாக, ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். இரண்டு வட்டங்களின் உள் விளிம்பைத் தொட்டு ஒரு கோடு, நடுப்புள்ளிகளை இணைத்து ஒரு கோடு, வெளி விளிம்பைத் தொட்டு ஒரு கோடு போடுங்கள். கட்டி முதல் கோட்டைத் தாண்டவில்லை என்றால் நாஸ்ப் என்ற அளவுமுறையில் கிரேடு 0. முதல் கோட்டைத் தாண்டி நடுக்கோட்டுக்குள் நின்றால் 1, நடுக்கோட்டைத் தாண்டி வெளிக்கோட்டுக்குள் நின்றால் 2, வெளிக்கோட்டையும் தாண்டினால் 3, தமனியை முழுசாகச் சுற்றி வளைத்துவிட்டால் 4. 1993-ல் வந்த இந்த முறையை 2015-ல் திருத்தி, மூன்றாம் கிரேடை இரண்டாகப் பிரித்தார்கள். தமனிக்கு மேல் வழியாகத் தாண்டினால் 3ஏ, கீழ் வழியாகத் தாண்டினால் 3பி.

இந்தப் பிரிவு சும்மா பெயருக்கு வந்ததல்ல. எண்டோஸ்கோப்பால் உள்ளே நேரில் பார்த்துச் சரிபார்த்தபோது, 3ஏ-வில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் கட்டி காவர்னஸ் சைனஸின் சுவரை நிஜமாகவே துளைத்திருந்தது. 3பி-யில் பத்தில் ஏழு பேருக்குத் துளைத்திருந்தது. மேல் வழியில் சுவர் பெரும்பாலும் புடைத்துத் தள்ளப்பட்டிருக்கும், கிழிந்திருக்காது. கட்டியை எடுத்ததும் அது திரும்பி வந்துவிடும். கிரேடு 4 என்றால் முழுசாக எடுப்பது அநேகமாக நடக்காத காரியம். அங்கே நோக்கமே வேறு. பார்வை நரம்பின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைப்பது, கட்டியின் மொத்தப் பருமனைக் குறைத்து மருந்துக்கோ கதிர்வீச்சுக்கோ வழிவிடுவது. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் "டாக்டர் பாதியை விட்டுட்டாரு" என்ற வருத்தம் பின்னால் வராது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1-க்கும் 2-க்கும் நடுவே ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் பல நேரம் ஒத்துப்போவதில்லை. 0-வையும் 4-ஐயும் பற்றி அதிகம் சந்தேகம் வருவதில்லை.

கொரோனல் படத்திலேயே இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கட்டி இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி இருந்தால், மேல் பகுதி கீழே இறங்காமல் மாட்டிக்கொள்ளும். அங்கே மிச்சம் விட்டால், மிஞ்சிய துண்டு வீங்கி ரத்தம் கசிந்து பார்வையை மோசமாக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். அடுத்தது கட்டியின் பதம். பெரும்பாலான கட்டிகள் உறிஞ்சியிலேயே வந்துவிடும் அளவுக்கு மென்மையானவை. ஏறத்தாழ பத்தில் ஒன்று நார்ப்பிடித்துக் கெட்டியாக இருக்கும், அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ-யின் டி2 என்ற வகைப் படத்தில் கருமையாகத் தெரிந்தால் கெட்டியாக இருக்கலாம் என்பது பழைய நம்பிக்கை. பாதி நேரம் பலிக்கும், பாதி நேரம் ஏமாற்றும். அதை வைத்து மட்டும் திட்டம் போடக்கூடாது.

ஹார்மோன் விஷயத்துக்கு வந்தால், கத்தியை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் பார்த்தாயிற்றா? புரோலாக்டினைச் சுரக்கும் கட்டியில் பெரும்பாலானவை கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும். மில்லிலிட்டருக்கு 250 நானோகிராமுக்கு மேல் இருந்தால் அநேகமாகப் புரோலாக்டினோமாதான். 100-க்குக் கீழே இருக்கும் உயர்வு, வேறு வகைக் கட்டி சுரப்பியின் காம்பை அழுத்துவதால்கூட வரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ராட்சதக் கட்டியில் புரோலாக்டின் பல ஆயிரங்களில் இருக்கும்போது, பரிசோதனையில் பயன்படும் ஆன்டிபாடிகள் திக்குமுக்காடிப்போய் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும். கட்டி பெரிதாகவும் எண் சாதாரணமாகவும் இருந்தால், ரத்த மாதிரியை நூறில் ஒரு பங்காக நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரியை எழுதாததால் தேவையே இல்லாத ஆபரேஷனுக்குப் போனவர்கள் உண்டு.

கட்டி வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் அக்ரோமெகலி நோயில் வெற்றியைச் சொல்பவை கட்டியின் அளவு, நாஸ்ப் கிரேடு, ஆபரேஷனுக்கு முந்தைய வளர்ச்சி ஹார்மோன் அளவு. மைக்ரோ என்றால் நல்ல கைகளில் நாலில் மூன்று பேருக்கு மேல் குணமாகிறார்கள். மேக்ரோவில் அது பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது. குணமாகிவிட்டதா என்பதை அவசரப்பட்டுப் பார்க்கக்கூடாது. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் ரத்தத்தில் கூடும் ஐஜிஎஃப்-1 மெல்லத்தான் இறங்கும், 12 வாரம் கழித்துப் பார்ப்பதுதான் கணக்கு. இந்த நோயாளிகளுக்கு மயக்க மருந்துப் பக்கமும் தனிக் கணிப்பு தேவை. நாக்கு பெருத்திருக்கும், தொண்டையில் குழாய் இறக்குவது சிரமம், தூக்கத்தில் மூச்சடைப்பும் இருக்கும். அதற்காக வீட்டில் சிபேப் (மூக்கு வழியே காற்றை அழுத்தி அனுப்பும்) கருவி வைத்திருப்பவர், மூக்கு வழி ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொல்லும்வரை அதைப் போடக்கூடாது. காற்றழுத்தம் அடைத்த இடத்தைப் பிளந்துகொண்டு மண்டைக்குள் காற்றை ஏற்றிவிடும்.

கட்டி அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் கூட்டிவிடும் குஷிங் நோயில் கதையே வேறு. கட்டி சில நேரம் எம்ஆர்ஐ-யில் கண்ணுக்கே படாது. படத்தில் தெளிவாகத் தெரிந்த கட்டி, எடுக்கும்போதும் தெரிந்து, பயாப்ஸியிலும் உறுதியானால் பலன் நன்றாக இருக்கும். ஆனால் நம்பகமான கணிப்பு கிடைப்பது ஆபரேஷனுக்குப் பிறகுதான். முதல் வாரத்துக்குள் காலை கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே விழுந்தால் நல்ல செய்தி, 2-க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. பல வருஷமாகத் தூங்கிக்கிடந்த நல்ல செல்கள் உடனே வேலைக்கு வராததால்தான் அளவு அப்படி விழுகிறது. வாந்தி, தளர்ச்சி, மூட்டு வலி என்று நோயாளி சுருண்டு கிடப்பார், டாக்டர் முகத்தில் சந்தோஷம் இருக்கும். வழக்கப்படி ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுவிட்டால் இந்த எண் கிடைக்காது. சில மையங்களில் ஊசியை நிறுத்திவைத்து, 6 மணிக்கொரு முறை கார்ட்டிசாலைப் பார்த்து, விழுந்ததும் தொடங்குகிறார்கள். அளவு விழுந்தாலும் கணக்கு முடிந்துவிடவில்லை. பத்து வருஷம் கழித்துக்கூட இது திரும்பி வருகிறது, அதனால் வருஷா வருஷம் பார்த்தே ஆக வேண்டும். குஷிங் நோயாளிக்குக் கால் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்தும் அதிகம், ஆபரேஷன் முடிந்த பிறகும் சில வாரம் அது நீடிக்கும். இங்கே கணிப்பு நேராகச் சிகிச்சையாக மாறுகிறது: சீக்கிரம் நடக்கவைப்பது, தேவைப்பட்டால் ஹெப்பாரின் ஊசி.

பார்வை திரும்புமா என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லலாம். எவ்வளவு நாளாக மங்கல், பார்வைப் புலச் சோதனையில் எவ்வளவு இழப்பு, கண்ணுக்குள் நரம்புத் தட்டு வெளிறியிருக்கிறதா, இந்த மூன்றோடு ஓசிடி என்ற கண் ஸ்கேனில் விழித்திரை நரம்பிழை அடுக்கின் தடிமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுக்கு தடிமனாக இருந்தால் நரம்பு அமுங்கிக் கிடக்கிறது, ஆனால் சாகவில்லை என்று அர்த்தம். அழுத்தம் நீங்கியதும் சிலருக்கு மறுநாளே திரை விலகினது போல் தெரியும். பிறகு சில வாரம் முதல் சில மாதம் வரை மெல்லத் தேறும், வருஷக்கணக்கிலும் கொஞ்சம் கூடலாம். அடுக்கு 70-80 மைக்ரானுக்கும் கீழே மெலிந்துவிட்டால் எதிர்பார்ப்பைக் குறைத்துச் சொல்வதே நியாயம். அப்போதும் ஆபரேஷன் வீண் இல்லை. இருப்பதைக் காப்பாற்றும்.

இனி சிக்கல்கள். முதலில் மூளைத் தண்டுவட நீர் மூக்கு வழியே கசிவது. ஆபரேஷன் முடிந்தபின் இது நூறில் சில பேருக்கு வருகிறது. ஆபத்தைக் கூட்டுபவை தெளிவாகத் தெரிந்தவை: பெரிய கட்டி, ஆபரேஷன் நடக்கும்போதே நீர் வந்தது, உடல் பருமன், முன்பே அங்கே ஆபரேஷனோ கதிர்வீச்சோ ஆனது. பருமன் ஏன் என்றால், அவர்களில் பலருக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கும். அடைத்ததை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். இங்கே கணிப்பு நேரடியாக உதவும். ஆபரேஷனுக்குள் கசிவை 0 முதல் 3 வரை தரம் பிரித்து, 0 என்றால் லேசான அடைப்பு, 3 என்றால் கொழுப்பு, தசையுறை, அதற்கு மேல் மூக்குத் தடுப்பிலிருந்து ரத்த ஓட்டத்தோடு திருப்பிய சவ்வு மடல் என்று அடுக்கி அடைக்கலாம். 2006-ல் அந்த மடல் வந்த பிறகுதான் பெரிய ஓட்டைகள் உண்மையிலேயே நிற்கத் தொடங்கின. எல்லாருக்கும் மடல் போட்டுவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. மாதக்கணக்கில் மூக்கில் பொருக்கு, வாசனை குறைவு, தடுப்பில் ஓட்டை. யாருக்குத் தேவை என்று கணிப்பது அதனால்தான் முக்கியம்.

வீட்டுக்குப் போனபின் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. உட்கார்ந்து தலையை முழங்காலை நோக்கிக் குனிந்து ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால், அல்லது தொண்டைக்குள் உப்புக் கரிப்பாக இறங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை ஸ்ட்ரிப்பில் தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம், மூக்குச் சளியும் ஏமாற்றும். மூளைத் தண்டுவட நீரில் இருக்கும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடும் பரிசோதனைதான் சரி. கூடவே காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

அடுத்தது சோடியம். இந்த ஆபரேஷனில் அதிகம் பேரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருவது இதுதான். கணிப்பு கையை விரிக்கும் இடமும் இதுதான்.

பிட்யூட்டரியின் பின்பகுதி, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசினைச் சேமித்து வைத்திருக்கிறது. தொந்தரவு பட்டால் முதல் ஒன்றிரண்டு நாளில் அது நின்றுபோகும். சிறுநீர் தண்ணீராகக் கொட்டும். மணிக்கு 250-300 மில்லிலிட்டருக்கு மேல், தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம், சிறுநீரின் ஒப்படர்த்தி (எவ்வளவு கெட்டி என்ற அளவு) 1.005-க்குக் கீழே, ரத்த சோடியம் 145-ஐத் தாண்டி ஏறுகிறது. இந்த நான்கும் சேர்ந்தால்தான் டயபடிஸ் இன்ஸிபிடஸ். 2022 முதல் இதற்கு வாசோபிரெசின் குறைபாடு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் என்று எண்ணி, வாசோபிரெசினுக்குப் பதிலாகத் தரும் டெஸ்மோபிரெசின் மருந்தை நிறுத்தி உயிரே போன சம்பவங்கள் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். சிறுநீர் அளவை மட்டும் பார்த்து மருந்து கொடுத்துவிடக்கூடாது. ஆபரேஷனில் ஏற்றிய சலைன் வெளியேறுகிறதா, ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு போகிறதா, அக்ரோமெகலி நோயாளியின் உடம்பு வருஷக்கணக்காகத் தேக்கிய நீரை இப்போது விடுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலும் சோடியம் ஏறாது.

பெரும்பாலானோருக்கு இது சில நாளில் தானே சரியாகும். இங்கே நடக்கும் பெரிய தவறு, டெஸ்மோபிரெசினை "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதிவைப்பது. ஒரு வேளை கொடுத்துவிட்டு, அதன் வேலை தீர்ந்து சிறுநீர் மறுபடி கொட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேளையைத் தர வேண்டும். ஏனென்றால் இரண்டாம் கட்டம் ஒன்று காத்திருக்கிறது. அடிபட்ட நரம்பு முனைகள் சிதையும்போது, உள்ளே சேர்த்து வைத்திருந்த வாசோபிரெசின் கட்டுப்பாடில்லாமல் வெளியே கொட்டும். உடம்பு நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், சோடியம் சரியும். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வரும், அடிமட்டத்தைத் தொடுவது ஏழாம் நாளை ஒட்டி. அதற்குள் நோயாளி வீட்டில் இருப்பார். தலைவலி, குமட்டல், சோர்வு, கொஞ்சம் குழப்பம், எல்லாமே "ஆபரேஷன் அசதி" போலத்தான் இருக்கும். வலிப்பு வந்த பிறகு கண்டுபிடிப்பவர்களும் உண்டு. சிலருக்கு இதன் பின்னால் மூன்றாம் கட்டமாக நிரந்தர வாசோபிரெசின் குறைபாடு வந்து சேரும். முதல் கட்டமே இல்லாமல் நேராக இரண்டாம் கட்டம் மட்டும் வருவதும் சகஜம். அதனால் "எனக்குச் சிறுநீர் தொல்லையே வரவில்லை" என்பது எந்த உத்தரவாதமும் இல்லை.

யாருக்குச் சோடியம் சரியும்? வயது, பாலினம், கட்டி அளவு, குஷிங், முதல் இரண்டு நாள் சோடியம் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். ஒரு ஆய்வில் பலித்தது அடுத்ததில் பலிக்கவில்லை. இந்த நிலையில் ஆபத்துக் கணக்குப் போட்டு, "இவருக்கு டெஸ்ட் வேண்டாம்" என்று விடுவதில் அர்த்தமே இல்லை. ஏழாம் நாளில் எல்லாருக்கும் ஒரு சோடியம் பரிசோதனை. செலவும் சொற்பம், சிரமமும் சொற்பம். அதோடு, வாசோபிரெசின் குறைபாடு இல்லாதவர்களுக்கு வீடு திரும்பிய முதல் வாரம் நாளுக்கு 1 முதல் 1.5 லிட்டருக்குள் பானங்களை அடக்கினால், சோடியம் சரிந்து திரும்ப வருபவர்கள் நன்றாகவே குறைகிறார்கள். "நிறைய தண்ணீர் குடிங்க" என்று அன்போடு சொல்லும் சொந்தக்காரர்கள்தான் இங்கே எதிரி.

சோடியம் இறங்கிவிட்டால் கார்ட்டிசாலையும் கூடவே பார்க்க வேண்டும், அட்ரினல் குறைபாடும் சோடியத்தை இறக்கும். வலிப்போ மயக்கமோ இருந்தால் 3 சதவீத உப்புக் கரைசல் 100-150 மில்லிலிட்டர். பிறகு நிதானம். 24 மணி நேரத்தில் 8-10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்புறை சிதைந்து, வந்த நோயைவிடப் பெரிய ஊனத்தில் முடியும்.

கார்ட்டிசால் கணிப்பு இதற்கு நேர் எதிர். எளிது, மலிவு, பலிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் காலை 8 மணி அளவு டெசிலிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் ஸ்டீராய்டு இல்லாமல் அனுப்பலாம். 5-க்குக் கீழே என்றால் மாத்திரை கட்டாயம். நடுவில் நிற்பவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்து அனுப்பி 6 வாரத்தில் மறுபரிசோதனை. அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் சினாக்தென் ஊசிப் பரிசோதனையை முதல் சில வாரத்தில் செய்து ஏமாறக்கூடாது, அட்ரினல் சுரப்பி இன்னும் மெலிந்திருக்காது என்பதால் பொய்யாகப் பாஸ் ஆகிவிடும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்ட்டிசால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். தைராய்டுக்கு, பிட்யூட்டரியே சுரக்கும் டிஎஸ்ஹெச் உதவாது, தைராய்டின் சொந்த ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐத்தான் 6 வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். கார்ட்டிசால், டி4 இரண்டும் குறைவாக இருந்தால் கார்ட்டிசாலைச் சரிசெய்யாமல் தைராக்ஸினைத் தொடங்கவே கூடாது.

கரோட்டிட் தமனி கிழிவது நூறில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் வந்தால் உயிர்ப் பிரச்சினை. இதற்கான கணிப்பு எம்ஆர்ஐ-யோடு சிடி-யையும் கேட்கிறது. தமனியின் மேல் எலும்பு இருக்கிறதா, இல்லை வெறும் சவ்வுதானா? இரு தமனிகளும் நடுவில் நெருங்கி வருகின்றனவா? ஸ்பீனாய்டுக்குள் இருக்கும் எலும்புத் தடுப்பு தமனி மேட்டில் போய் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் அதை முறுக்கி இழுக்காமல் டிரில்லால் தேய்த்துக் கழிக்க வேண்டும். மறு ஆபரேஷன், கதிர்வீச்சு, அக்ரோமெகலியில் வளைந்து புடைத்த தமனி, இவை எல்லாம் ஆபத்தைக் கூட்டும். கிழிந்தால் நசுக்கிய தசைத்துண்டை வைத்து அழுத்தி, நேராக ஆஞ்சியோகிராம் அறைக்கு. அன்று சரியாகத் தெரிந்தாலும் சில நாளில் போலி அன்யூரிசம் (தமனிச் சுவரில் ரத்தப் புடைப்பு) கிளம்பலாம், அதனால் மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் இரவில் செய்யும் மிக மலிவான சோதனை, மணிக்கொரு முறை ஒவ்வொரு கண்ணையும் தனியாக மூடி விரல் எண்ணச் சொல்வது. ஆபரேஷன் முடிந்தபோது தெரிந்தது இப்போது மங்குகிறது என்றால் உடனே சிடி. ரத்தம் கட்டியிருந்தால் அன்றிரவே மறுபடி திறக்க வேண்டும். மூக்கில் ரத்தம் கொட்டுவது இரண்டாம் மூன்றாம் வாரத்தில்கூட வரும், மூக்குத் தடுப்பின் பின் தமனியிலிருந்து.

நோயாளியின் ஸ்கேனில் எங்கேயும் தெரியாத ஒரு காரணியும் இருக்கிறது: ஆபரேஷன் செய்யும் கை. 1997-ல் அமெரிக்காவில் 958 நரம்பியல் அறுவை நிபுணர்களிடம் எடுத்த கணக்கில், 200-க்குக் குறைவாகச் செய்தவர்களிடம் இறப்பு 1.2 சதவீதம், 500-க்கு மேல் செய்தவர்களிடம் 0.2. பழைய கணக்குதான், மைக்ரோஸ்கோப் காலத்தது, இன்றைய எண்கள் எல்லாமே குறைவு. ஆனால் திசை மாறவில்லை. "வருஷத்துக்கு எத்தனை பிட்யூட்டரி செய்கிறீர்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இப்போது கம்ப்யூட்டர் மாடல்கள். "95 சதவீதத் துல்லியம்" என்று தலைப்பு வரும். நீர்க்கசிவு நூறில் மூன்று பேருக்கு வருகிறது என்று வையுங்கள். யாரையும் பார்க்காமலே "கசியாது" என்று எல்லாருக்கும் சொல்கிற ஒரு பலகைக்கு 97 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். நல்ல மாடலையே எடுத்துக்கொள்வோம். கசிபவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, கசியாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்குகிறது. 1000 பேரில் 30 பேருக்குக் கசியும், 24 பேரைப் பிடிக்கும், 6 பேரைத் தவறவிடும். மீதி 970-ல் 194 பேரை வீணாகப் பயமுறுத்தும். எச்சரிக்கை வந்த 218 பேரில் நிஜமாகக் கசியப்போவது 24 பேர், ஒன்பதில் ஒருவர். அந்த எச்சரிக்கையின் பேரில் தலையைக் குனிந்து பார்ப்பதை இன்னும் கவனமாகச் சொல்லிக்கொடுக்கலாம், தப்பில்லை. அந்த 218 பேருக்கும் முதுகுத்தண்டில் நீரை வடிக்கும் குழாய் போடுவது தப்பு.

மாடலைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, எத்தனை பேருக்கு அந்தச் சிக்கல் உண்மையில் வந்தது என்பதை. 600 நோயாளிகள் என்று பெரிதாக எழுதியிருக்கும், கசிவு வந்தவர்கள் 18 பேர். 18 சம்பவத்தை வைத்துக்கொண்டு 25 காரணிகளை எடை போட முடியாது, மாடல் அந்த 18 பேரையும் மனப்பாடம் செய்துவிடும். அடுத்து, காரணிகளில் ஆபரேஷனுக்குள் மட்டுமே தெரியவரும் விஷயம் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "உள்ளே கசிவு வந்ததா" என்பதைச் சேர்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு முன்பே கணிப்பதாகச் சொன்னால் அது கணிப்பு இல்லை. பிறகு விளைவின் வரையறை. ஒருவர் ஒரு வேளை டெஸ்மோபிரெசின் வாங்கினாலே குறைபாடு என்று எண்ணியிருப்பார், இன்னொருவர் 3 மாதம் தாண்டினால்தான் எண்ணியிருப்பார். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேசவே கூடாது. கடைசியாக, 20 சதவீதம் என்று மாடல் சொன்னவர்களில் நிஜமாகவே ஐந்தில் ஒருவருக்கு வந்ததா, அதுவும் வேறொரு ஆஸ்பத்திரியில்? சொந்த வீட்டில் பலித்த மாடல், ஸ்கேன் மெஷினும் சர்ஜனும் மாறினதும் தடுமாறும்.

நீண்ட காலக் கணிப்புக்கு இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று பயாப்ஸி: செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 அளவு 3 சதவீதமோ அதற்கு மேலோ, அட்ரினலைத் தூண்டும் செல்களிலிருந்து வந்தும் ஹார்மோன் காட்டாமல் பதுங்கிய கார்ட்டிகோட்ரோஃப் வகை, இவை வேகமாகத் திரும்பும் ரகம். மற்றது 3 மாதம் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐ. அதற்கு முன் எடுத்தால் ரத்தக் கசடு, அடைத்த பஞ்சு, கொழுப்பு எல்லாம் கட்டி மாதிரியே தெரிந்து வயிற்றைக் கலக்கும். கொழுப்பு சாதாரண டி1 படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும், கொழுப்பை அடக்கி எடுக்கும் வரிசையில் கருத்துவிடும், அதை வைத்து அடையாளம் காணலாம். திருப்பி வைத்த சவ்வு மடல் மருந்து ஏற்றியதும் வளைந்த பட்டையாக ஒளிரும். ரிப்போர்ட் எழுதுபவருக்கு மடல் போட்டது தெரிந்திருக்க வேண்டும், அதனால் ஆபரேஷன் குறிப்பின் நகலை ஸ்கேன் எடுக்கப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். ஹார்மோன் சுரக்காத கட்டியில் மிச்சம் இருந்தால், கதிர்வீச்சு இல்லாமல் விட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 5 முதல் 10 வருஷத்தில் அது வளர்கிறது. முழுசாக எடுத்தவர்களுக்கும் வளர்ச்சி பூஜ்யம் இல்லை. முதல் சில வருஷம் ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் புதுப் படத்தைப் போன வருஷப் படத்தோடு மட்டும் வைத்துப் பார்க்காமல், அந்த முதல் 3 மாதப் படத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று மெல்ல வளரும் கட்டி, போன வருஷத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் "மாற்றமில்லை" என்றுதான் ரிப்போர்ட்டில் வரும்.